ஸ்கேனைக் கையால் திருத்திய பிறகு: ஃப்ரீசர்ஃபர் நாட்குறிப்பு

மார்ச் 4

ஃப்ரீசர்ஃபர், எம்ஆர்ஐ மூளை ஸ்கேனிலிருந்து புறணியின் (மூளையின் வெளியடுக்கான சாம்பல்பொருளின்) தடிமனை அளக்கும் நிரல். அது தவறாக வரைந்த கோடுகளைக் கையால் திருத்துகிறேன். இடது நெற்றிமடலில் ஒயிட் மேற்பரப்புக் கோடு (வெண்பொருளுக்கும் சாம்பல்பொருளுக்கும் இடையிலான எல்லை) வெண்பொருளின் நுனிவரை போகாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. கை உடனே டபிள்யூஎம் படத்தில் (வெண்பொருளை மட்டும் பிரித்தெடுத்த படம்) தூரிகையைத்தான் தேடும். அவசரப்படாமல், பிரெயின்மாஸ்க் படத்தில் (மண்டையோடு நீக்கிய மூளைப் படம்) அந்த இடத்து வாக்ஸல் (படத்தின் முப்பரிமாணப் புள்ளி) மதிப்பை முதலில் பார்க்க வேண்டும். செறிவைச் சீராக்கிய பின் வெண்பொருள் 110ஐ ஒட்டி இருக்க வேண்டும். இங்கே 92, 95. ஆகவே இது கன்ட்ரோல் பாயிண்ட் வேலை, அதாவது இது வெண்பொருள்தான் என்று நிரலுக்குப் புள்ளி வைத்துக் காட்டுவது. மதிப்பு 110 இருந்தும் டபிள்யூஎம்மில் ஓட்டை விழுந்திருந்தால்தான் தூரிகை.

மார்ச் 5

கன்ட்ரோல் பாயிண்டைச் சந்தேகமே இல்லாத வெண்பொருளில், 110க்குக் குறைந்த வாக்ஸலில் மட்டும் வைக்க வேண்டும். சாம்பல்பொருள் கலந்த ஓரத்தில் வைத்தால் நிரல் அதையும் 110க்கு ஏற்றிவிடும். சுற்றுப்புறம் வெளுத்து, ஒயிட் கோடு வெளியே பிதுங்கி, புறணி மெலிந்ததாகக் கணக்கு வரும். புறணித் தடிமனை அளக்கத்தானே இவ்வளவு பாடும். அதனால் இதைவிட மோசமான பிழை கிடையாது. ஒரே ஸ்லைஸில் (படத்தின் குறுக்குவெட்டில்) கொத்தாகக் குவிக்காமல் பல ஸ்லைஸ்களில் பரப்பலாம். டிஎம்பி கோப்புறையில் புள்ளிகளின் கோப்பான கன்ட்ரோல்.டாட் சேமிப்பாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நிரலை ஓட்டும் ரீகான்-ஆல் கட்டளையில் ஆட்டோரீகான்2-சிபி, ஆட்டோரீகான்3 என்ற தெரிவுகள் இரண்டையும் சேர்த்து ஓட்டவும். டபிள்யூஎம் திருத்தமென்றால் சிபிக்குப் பதில் டபிள்யூஎம்.

மார்ச் 6

பிழையின்றி முடிந்ததாக லாக் (ஓட்டத்தின் பதிவு) சொல்கிறது. நிரல் இடையில் நிற்கவில்லை என்பதுதான் அதற்குப் பொருள். கோடுகளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். நெற்றிமடல் சரியாகிவிட்டது. ஆனால் பொட்டுமடல் அருகே பியல் கோடு (புறணியின் வெளி எல்லை) டூராவையும் (மூளையைச் சுற்றிய உறை) வாரிக்கொண்டிருக்கிறது.

டூராவைப் பிரெயின்மாஸ்கில் ஸ்லைஸ் ஸ்லைஸாக அழிக்க வேண்டும். ஃப்ரீவியூவில் (படங்களைப் பார்த்துத் திருத்தும் கருவி) ரீகான் எடிட்டிங் பெட்டியை டிக் செய்ய மறக்கக் கூடாது. அழித்த வாக்ஸலுக்கு 0 அல்ல, 1 வர வேண்டும். கையால் அழித்ததற்கு அடையாளமே அந்த 1. மறு ஓட்டத்தில் நிரல் அதைப் பார்த்துத்தான் திருத்தத்தைக் காப்பாற்றுகிறது. டபிள்யூஎம்மில் கையால் சேர்த்ததற்கு 255. இனி ஆட்டோரீகான்-பியல் போதும்.

மார்ச் 7

மின்தடையில் ஓட்டம் அறுந்தது. மறுபடி தொடங்க மறுக்கிறது. ஸ்கிரிப்ட்ஸ் கோப்புறையில் இஸ்ரன்னிங் என்று தொடங்கும் கோப்பு மிச்சமிருக்கும். அதே ஸ்கேனில் வேறு ஓட்டம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்கலாம். தெரியாத்தனமாகக் கட்டளையில் கிளீன்-பிஎம் (பிரெயின்மாஸ்க் திருத்தங்களை நீக்கும் தெரிவு) சேர்த்துவிட்டால் நேற்றைய டூரா வேலை முழுதும் போய்விடும். பிரெயின்மாஸ்கை நகலெடுத்து வைப்பது நல்லது. மறு ஓட்டம் மற்ற ஸ்கேன்களை ஓட்டிய அதே பதிப்பில், அதே இயங்குதளத்தில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் தடிமன் மாறியது திருத்தத்தாலா பதிப்பாலா என்று பிரித்தறிய முடியாது.