தீர்த்தமலை அடிவாரக் கொட்டாயில் ஒரு மண்டலம் மௌனம்: போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை

48 நாள் தனியாக உட்கார வேண்டும் என்று சொல்லி வருகிற சாமிகளிடம் நான் முதலில் கேட்பது, "தண்ணிக்கு என்ன ஏற்பாடு சாமி?" என்றுதான். ஜபத்தைப் பற்றிக் கேட்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் ஏகாந்தத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு எழுந்து வந்தவர்களை விசாரித்துப் பார்த்தால், வயிறு, முழங்கால், தூக்கம், தண்ணீர் இந்த நாலில் ஒன்று முதலில் கெட்டிருக்கும். மனசு அதற்குப் பிறகுதான் குழம்பியிருக்கும். குழம்பிய மனசைத் தவத்தின் சோதனை என்று நினைத்துக்கொண்டு, கெட்ட வயிற்றைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

இங்கே எழுதுவது தர்மபுரி மாவட்டம் அரூர் பக்கத்துப் பழக்கம். தீர்த்தமலை அரூரிலிருந்து 16 கிலோமீட்டர். மலைமேல் தீர்த்தகிரீசுவரர் கோயில், பாறையிலிருந்து விழும் ராமர் தீர்த்தம், அகத்தியர் தீர்த்தம், குமார தீர்த்தம் எல்லாம் உண்டு. அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய மலை. ஆனால் தனித்திருக்க மலை உச்சி ஏற்ற இடம் இல்லை. பக்தர்கள் வருவார்கள், குரங்குகள் அதைவிட அதிகம். அடிவாரத்தில், காட்டை ஒட்டிய பட்டா நிலத்துக் கொட்டாய்தான் சரி. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கக்கூடாது. "பழைய சித்தர் குகை" என்று யாராவது காட்டினாலும் போகவேண்டாம். நிலத்துக்காரரிடம் சம்மதம் வாங்கி, கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் ஆதார் நகலோடு ஒரு கடிதம் கொடுத்துவிட வேண்டும். வாய் திறக்காத வேற்றூர்ச் சாமியார் காட்டோரம் இருந்தால் ஊருக்குச் சந்தேகம் வருவது நியாயம்தான். பத்தாம் நாள் யாராவது வந்து கதவைத் தட்டி விசாரித்தால் மௌனம் அங்கேயே முடிந்துபோகும்.

காலத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரே கணக்குதான். ஆருத்ரா தரிசனம் முடிந்த மறுநாள் உட்கார்ந்தால், மாசி மகத்துக்குச் சுமார் பத்து நாள் முன்னால் மண்டலம் முடியும். பிரம்மோற்சவக் கூட்டம் கூடுமுன் எழுந்துவிடலாம். சில ஆண்டுகளில் மகா சிவராத்திரி இந்த 48 நாளுக்குள்ளேயே வரும். அது தனிப் பேறு. பனி இருக்கும், வெயில் ஏறியிருக்காது, கிணற்றில் தண்ணீர் இருக்கும். சித்திரை வைகாசியில் ஓட்டுக் கூரைக்குக் கீழே பகலில் உட்காரவே முடியாது. கார்த்திகையில் தொடங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. வருஷம் முழுக்கக் காய்ந்து கிடக்கிற ஓடைகூட அப்படிப்பட்ட இரவில் கொட்டாயை அடித்துக்கொண்டு போகும். எந்தப் பருவமானாலும் ஓடைக்கரையில் குடில் வேண்டாம். மேட்டில் இருக்கட்டும், தண்ணீரை நடந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

இனித் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு பெரிய தொல்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழி இல்லை என்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர அளவு. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக, சுவையாக இருக்கும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பதும் தவறு. காய்ச்சக் காய்ச்சத் தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடின் அடர்த்திதான் கூடும். துணியில் வடிகட்டினாலும் போகாது. போவதற்கு ஒரு மாதம் முன்பே ஒரு லிட்டர் மாதிரி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட வேண்டும். ஒரு மண்டலத்தில் ஒன்றும் ஆகிவிடாது, உண்மைதான். ஆனால் ஒரே இடத்தில் வருஷக்கணக்கில் தங்கிவிடுகிற சாதுக்கள் உண்டு. எலும்பிலும் மூட்டிலும் இறுக்கம் வந்து, முதுகு வளையாமல், சம்மணம் போட முடியாமல் போனால் அப்புறம் ஆசனம் ஏது? குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 5 லிட்டர் நல்ல தண்ணீர் தனியாக வரட்டும். குளிக்க, துவைக்க, சாணம் கரைத்துத் தரை மெழுக எந்தக் கிணறானாலும் போதும்.

சாப்பாட்டுக்கு இந்த ஊர்த் தானியத்தை விட்டு வேறெங்கும் போகவேண்டாம். நாளுக்கு ராகி மாவு 150 கிராம், சாமை அரிசி 80, பச்சைப்பயறு 40, நிலக்கடலை ஒரு கைப்பிடி, வெல்லம் 20, நல்லெண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, கல் உப்பு 8 கிராம். 48 நாளைக்கு ராகி 7 கிலோ 200, சாமை 4 கிலோ, பயறு 2, கடலை ஒன்றரை, வெல்லம் 1, எண்ணெய் முக்கால் லிட்டர், உப்பு 400 கிராம். மோர் மட்டும் பிட்சை வைப்பவர் (தினமும் மோரும் தண்ணீரும் கொண்டுவந்து வைக்க ஒப்புக்கொண்டவர்) கொண்டுவருவார். ராகியைத் தானியமாக வைத்தால் வருஷக்கணக்கில் பூச்சி அண்டாது, ஆனால் மாவாக அரைத்துவிட்டால் அந்தக் காப்பு போய்விடும். 48 நாள் மாவை மொத்தமாக மூட்டை கட்டிக்கொண்டு போனால் கடைசி வாரத்தில் காறல் வாடை அடிக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரைத்து வரச் சொல்வதே நல்லது.

களிக்கு ஒரு டம்ளர் மாவுக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது ஒரு கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றி, அது கொதித்ததும் மீதி மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, கிண்டாமல் மூடி, தணலில் ஏழெட்டு நிமிஷம் விட வேண்டும். பிறகு துடுப்பால் ஒரே மூச்சாகக் கிண்டி, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இறக்கலாம். அவசரப்பட்டு முதலிலேயே கிண்டினால் உள்ளே மாவு வேகாமல் கட்டி நிற்கும், மத்தியானம் வயிறு இழுத்துப் பிடிக்கும். கழனியில் வேலை செய்கிறவர் சாப்பிடுகிற இரண்டு உருண்டை, உட்கார்ந்திருப்பவருக்கு ஆகாது. ஒரு உருண்டை, முருங்கைக்கீரைக் கடைசல், ஒரு சொம்பு மோர். அதுவும் பதினொரு மணிக்குள். பொழுது சாயுமுன் சாமைக் கஞ்சி. மலச்சிக்கல் இரண்டாம் வாரத்தில் எல்லோருக்கும் வரும். தண்ணீர் குறைவாகக் குடிப்பதும் நடக்காமல் இருப்பதும்தான் காரணம். ராத்திரி அரைக் கரண்டி கடுக்காய்ப்பொடி வெந்நீரில் குடித்தால் சரியாகும்.

சர்க்கரை நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு உட்காரக்கூடாது. மருத்துவரைக் கேட்காமல் ஒருவேளைச் சாப்பாட்டுக்கும் போகக்கூடாது. விபூதி போதும் என்று அடியார்கள் சொல்லலாம், கேட்கவேண்டாம்.

கொட்டாய் பத்துக்கு எட்டு அடி இருந்தால் தாராளம். அடுப்பு வெளியே தனிச் சார்ப்பில் இருக்கட்டும். உள்ளே புகை சேர்ந்தால் கண்ணும் மூச்சும் கெட்டு ஜபமும் கெடும். சுற்றிப் பத்தடி புல்லையும் சருகையும் செதுக்கிவிட வேண்டும். பாம்புக்கு மட்டுமில்லை, மாசியில் காட்டுத்தீ வரும் காலமும் கூட. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழைகிற சந்து இருந்தால் துணியைத் திணித்து அடைக்கவும். தரையில் படுப்பவரைத் தேடி வருவது கட்டுவிரியன். கடித்தது தெரியாது. வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி வந்து இமை தொங்கும்போதுதான் தெரியும். எனவே விரதம் எதுவானாலும் கயிற்றுக் கட்டிலும், ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிய கொசுவலையும் வேண்டும். கடித்தால் கட்டு இறுக்கிப் போடக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, கடிபட்டவர் நடக்கக்கூடாது. 108-ஐ வரவழைத்து நேராக அரூர் அரசு மருத்துவமனை. இலந்தை பழுத்திருக்கும் மாதங்களில் கரடி இறங்கும். ஆகவே வெளிக்குப் போவது வெளிச்சம் வந்த பிறகுதான். (அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் உட்காருகிறவர்களுக்கு யானை வேறு. அங்கே ராகியையும் வெல்லத்தையும் உப்பையும் குடிலுக்குள் சேர்த்து வைப்பதே ஆபத்து. மூன்று நாளைக்கு மேல் இருப்பு வேண்டாம்.)

ஆசனத்துக்குத் தர்ப்பைப் பாய், அதன்மேல் நாலாக மடித்த கம்பளி, மேலே பருத்தித் துணி. மான்தோல் கொண்டுவருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், தர்ப்பையே போதும். உட்காரும் எலும்புக்குக் கீழே நாலு விரல்கடை உயரம் கூடுதலாக வைத்தால் முழங்கால் தானாகத் தரையில் படியும், இடுப்பு பின்னால் சாயாது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து பத்து நிமிஷம் நடக்கவேண்டும். கால் மரத்தது எழுந்து நடந்தும் தெளியாமல் பாதம் தொய்ந்து இழுபட்டால் நரம்பு நசுங்குகிறது என்று பொருள். அன்றிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து ஜபிக்கலாம். தவத்துக்கு அதனால் குறைவு வராது.

ஜபக் கணக்கில்தான் முதல்முறை உட்காருகிறவர்கள் தவறு செய்கிறார்கள். ஐந்தெழுத்துக்கு எழுத்துக்கு ஒரு லட்சம் வீதம் ஐந்து லட்சம் என்று சங்கல்பம் செய்துவிடுகிறார்கள். 108 மணி மாலையை நூறாக எண்ணுவது வழக்கம், மிச்சம் எட்டு பிழைக்கு. அப்படியானால் நாளுக்கு 104 மாலை. மாலைக்கு நாலு நிமிஷம் என்றாலும் ஏழு மணி நேரம். பழகாதவருக்கு இருபதாம் நாளுக்குள் உதடு மட்டும் ஓடும், மனசு பாக்கிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். முதல் மண்டலத்துக்கு ஒன்றேகால் லட்சம் போதும். நாளுக்கு 26 மாலை, இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். மீதி நேரம் சும்மா இருக்கப் பழகுவதற்கு. எண்ணிக்கைக்கு இரண்டு கொட்டாங்குச்சி, 26 புளியங்கொட்டை. ஒரு மாலை முடிந்ததும் ஒரு கொட்டையை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு மாற்றிவிட்டால் கணக்கை மனசில் சுமக்கவேண்டாம். நாற்பது நாள் கழித்துப் பார்த்தால் அந்தக் கொட்டைகள் கைபட்டுக் கைபட்டு எண்ணெய் தடவிய மாதிரி மின்னும்.

48 நாளுக்கு நேராகப் போகவும் கூடாது. மூன்று நாள், பிறகு ஒன்பது, பிறகு இருபத்தொன்று. குருவின் உத்தரவு இல்லாமல் எதுவும் வேண்டாம். மௌனம் எந்த வகை என்பதையும் முன்பே முடிவு செய்யவேண்டும். பேச்சு மட்டும் இல்லை, எழுதலாம் என்பது ஒன்று. எழுத்தும் சைகையும் கூட இல்லாத காஷ்ட மௌனம் இன்னொன்று. தனியாக இருப்பவருக்கு இரண்டாவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

பிட்சை வைப்பவர்தான் இந்த ஏற்பாட்டின் உயிர். கொட்டாயிலிருந்து நூறடி தள்ளி ஒரு தட்டைப்பாறை. காலை பத்து மணிக்கு அவர் தூக்குவாளியில் மோரும், கேனில் தண்ணீரும் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவார். அங்கே ஒரு சிலேட்டும் பல்பமும் கல்லுக்கு அடியில் இருக்கும். "மாவு இருக்குங்களா சாமி? கால் வலி எப்படிங்க?" என்று அவர் எழுதியிருப்பார். "இருக்கும்மா. வலி குறைவு" என்று பதில். அதற்குமேல் ஒரு வரி கூட எழுதக்கூடாது, சிலேட்டு மெல்லப் பேச்சாக மாறிவிடும். நேற்று வைத்த தூக்குவாளி இன்றைக்கும் அப்படியே இருந்தால் அவர் மௌனத்தைப் பார்க்காமல் நேராகக் கதவைத் தட்டவேண்டும். உதவி வேண்டும் என்பதற்கு அடையாளமாகக் கூரைமேல் சிவப்புத் துணி தெரிந்தாலும் அப்படித்தான். இந்த இரண்டையும் சங்கல்பத்துக்கு முன்னால் அவரிடம் வாய்விட்டுச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். பகலில் அவர் கண்ணில் கூரை படுகிற மாதிரி இடம் இருந்தால் இன்னும் நல்லது. பாம்பு கடித்தவர் பாறைவரை நடக்க முடியாதே, ராத்திரிக்கு ஒரு விசிலும் கட்டில் காலில் தொங்கட்டும். கைபேசி குடிலில் இருக்கக்கூடாது, அது அவர் வீட்டில் சார்ஜோடு இருக்கட்டும்.

முதல் ஐந்து நாள் தலைவலியும் தூக்கமும். டீ, காபி விட்டதன் விளைவு அது. ஒரு வாரம் முன்பே குறைத்துக்கொண்டு வந்தால் இருக்காது. மூன்றாம் வாரத்தில் கோபம் வரும். இருபது வருஷம் முன்னால் சொத்துத் தகராறில் அண்ணன் சொன்ன ஒரு சொல், அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி எரியும். அதோடு வாதாடாமல் எழுந்து விறகு பிளக்கலாம், தரை மெழுகலாம். உடம்பு வேலைக்கு அந்த நேரத்தில் இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை. காதில் ஓசை, கண்மூடினால் ஒளி, இவையெல்லாம் வந்துபோகும். பெரிதுபடுத்தவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். ஆனால் மூன்று ராத்திரி தொடர்ந்து தூக்கமே இல்லை, பசி சுத்தமாக நின்றுவிட்டது, "இதைச் செய்" என்று ஒரு குரல் ஏவுகிறது, இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே சிவப்புத் துணியைக் கட்டிவிட வேண்டும். ஊருக்குள் வந்து சோறு சாப்பிட்டு, நாலு பேர் நடுவில் படுத்துத் தூங்கி, மருத்துவரைப் பார்க்கவேண்டும். நாளை எண்ணிப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது வீரம் இல்லை. அப்படி இருந்து கெட்டவர்கள் திரும்பச் சரியாக மாதக்கணக்கில் ஆகியிருக்கிறது.

நாற்பத்தொன்பதாம் நாள் விடியலில் குளித்து, அனுமன் தீர்த்தத்துக்கோ மலைக்கோ போய்க் கும்பிட்டு, முதல் சொல்லாகத் திருவைந்தெழுத்தைச் சொல்லி மௌனம் விடுவது வழக்கம். அதற்கடுத்த சொல் பிட்சை வைத்தவருக்கு. தொண்டை கம்மிக் கிடக்கும். முதல் நாளிலேயே மணிக்கணக்கில் பேச வைத்தால் குரல் போய்விடும், தலையும் சுற்றும். அடியார்களுக்கு விருந்திடும் மாகேசுவர பூசையை அன்றே வைக்காமல் மூன்று நாள் தள்ளி வைக்கலாம். விருந்துச் சாப்பாட்டை அதுவரை வயிறு தாங்காது. பேருந்துப் பயணமும் மூன்று நாள் கழித்துத்தான்.

கிளம்புமுன் தரையை மெழுகி, அடுப்புத் தணலில் தண்ணீர் ஊற்றி, சாம்பலைக் கையால் கலைத்துச் சூடு இல்லை என்று பார்த்துக்கொள்ளவும். பானையில் ஒரு கிலோ ராகி, ஒரு சுமை விறகு, நனையாத டப்பாவில் தீப்பெட்டி. சிலேட்டைக் கழுவிப் பாறைக்கு அடியில் கவிழ்த்து வைத்தால் அடுத்து வருகிற சாமிக்கு ஆகும்.