என் கற்பனை நிலத்துக்குப் பெயர் கிடைத்த கதை

ஃபேன்டஸி நாவல் எழுத உட்கார்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் கதையைவிடப் பெயருக்குத்தான் அதிகம் மண்டையை உடைத்திருப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். கதை என்னவோ சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. கடல் உள்வாங்கிப் போன ஒரு நிலம், அதன் அடித்தரையில் ஊர்கள், உப்பு வெட்டிப் பிழைக்கும் ஜனங்கள், சில தலைமுறைக்கு ஒருமுறை கடல் திரும்பி வந்துவிடும் என்ற பயம். ஆனால் அந்த நிலத்துக்கு என்ன பெயர், புத்தகத்துக்கு என்ன தலைப்பு என்று வரும்போது வண்டி நகரவே இல்லை.

முதலில் எல்லாரும் போகும் வழியிலேயே போனேன். இணையத்தில் பெயர் ஜெனரேட்டர்கள் நிறைய இருக்கின்றன, பட்டனைத் தட்டினால் ஸைல்வாரியா, எத்ரோனியா, மால்க்ராத் என்று கொட்டிக்கொண்டே இருக்கும். தமிழ் எழுத்தில் எழுதிப் பார்த்ததும் எல்லாமே மாத்திரை அட்டையில் இருக்கிற பெயர்கள் மாதிரி இருந்தன. இன்னொரு சிக்கலும் உண்டு, தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். நம்மிடம் ka, ga இரண்டுக்கும் ஒரே ‘க’தான், pa, ba இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். ‘கதாபெகா’ என்று நான் ஒரு பெயர் வைத்தால் அதை எந்த ஒலியில் படிப்பது என்று வாசகருக்குத் தெரியாது, ஆளுக்கு ஒரு மாதிரி படிப்பார்கள். தெரிந்த சொல்லாக இருந்தால் பழக்கத்தில் நாக்கு சரியாகப் போய்விடும், புதுச் சொல்லுக்கு அந்த உதவி கிடையாது. அதனால் வல்லின எழுத்தை இரட்டித்தோ மெல்லினத்துக்குப் பின்னாலோ மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன். ‘க்க’ என்றால் அழுத்தமாகத்தான் படிக்க முடியும், ‘ங்க’ என்றால் மெலிந்துதான் வரும், குழப்பமே இல்லை.

ஒலிக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டா என்று ஒரு சந்தேகம் இருந்தது. மூளை ஆய்வாளர்கள் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பர்டும் 2001இல் எழுதிய கட்டுரையில் இதைப் பற்றி வருகிறது. உருண்டையான ஒரு வடிவம், முள் முள்ளாக ஒரு வடிவம், இதில் எது பூபா, எது கிக்கி என்று கேட்டால் சுமார் 95 சதவீதம் பேர் முள்ளைத்தான் கிக்கி என்கிறார்களாம். நமக்கு இது பெரிய ஆச்சரியமில்லை, எழுத்துக்கே வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பெயர் வைத்தவர்கள் ஆயிற்றே. (பூபா என்று தமிழில் எழுதினால் முதல் எழுத்தைப் பூவாகப் படிப்பவர்களும் இருப்பார்கள், நான் மேலே சொன்ன பிரச்சினை அங்கேயும் நிற்கிறது.)

உண்மையில் வேலையைச் சுலபமாக்கியது பள்ளியில் மனப்பாடம் செய்த இலக்கணம். தமிழ்ச் சொல் ர, ல, ட போன்ற எழுத்துகளில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. அந்த விதியை என் கடலடி ஜனங்களுக்கு மட்டும் கொடுத்தேன், மேலே இருக்கிற மலைக்காரர்களுக்கு அதற்கு நேர்மாறாக. மலைக்காரர்களின் தலைநகரம் ‘லொரட்’. கடலடி ஆட்கள் வாயில் அது அப்படி வராது, ‘உலொரட்டு’ என்றுதான் வரும். உலோகம் என்பதில் முன்னால் உகரம் வந்து ஒட்டிக்கொள்வதும், பேங்க் பேங்கு ஆவதும் எப்படியோ அப்படித்தான். ஒரு உரையாடலில் யார் ‘லொரட்’ என்கிறார், யார் ‘உலொரட்டு’ என்கிறார் என்பதை வைத்தே ஆள் எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம். மலைக்காரன் வேஷம் போட்டு வந்த ஒற்றன் ஒருவன் மூன்றாம் அத்தியாயத்தில் இந்த ஒரு உகரத்தால்தான் பிடிபடுகிறான், அந்தக் காட்சியே இந்தப் பெயரிலிருந்து கிடைத்ததுதான்.

அப்புறம் பெயரை யார் வைத்தார்கள் என்ற கேள்வி. ஜெர்மனியை அந்த நாட்டுக்காரர்கள் டாய்ச்லாண்ட் என்கிறார்கள், பிரெஞ்சுக்காரர்கள் அல்மான்ய் என்கிறார்கள், ஃபின்லாந்தில் சக்ஸா. பக்கத்தில் முதலில் பார்த்த இனக்குழுவின் பெயரையே ஒட்டுமொத்த நாட்டுக்கும் வைத்துவிட்டது அதில் ஒரு வகை. வரைபடத்தின் மேலே பெரிய எழுத்தில் ஒரே ஒரு பெயர் இருந்தால், அந்த உலகத்தில் யாரோ ஒருவர் மட்டும்தான் பேசியிருக்கிறார் என்று அர்த்தம். எனக்கு வேண்டியது கடலடி ஜனங்கள் தங்கள் நிலத்தைச் சொல்லும் பெயர். அவர்கள் அகராதி வைத்துக்கொண்டு பெயர் வைக்க மாட்டார்கள், கண்ணுக்குத் தெரிவதைச் சொல்வார்கள், பிறகு அது வாயில் தேயும். தஞ்சாவூர் தஞ்சை ஆனதும் கோயம்புத்தூர் கோவை ஆனதும் அப்படித்தானே, இதற்கு மரூஉ என்று இலக்கணத்தில் பெயரே இருக்கிறது. ஆக, முதலில் நீளமாக ஒன்றை வைத்துவிட்டுத் தேய்க்கலாம் என்று ‘கடல் வற்றிய பெருவெளி’யில் தொடங்கினேன். தேய்த்ததில் வந்த பாதி ஏதாவது ஊர்ப் பெயராகவே இருந்தது, மீதி வசவு மாதிரி ஒலித்தது. கடலுக்கு இருக்கிற பழைய சொற்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுப் பார்த்தபோது ‘வற்றாழி’ வந்தது. வற்று + ஆழி, வற்றிய கடல். சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் வற்றாத ஆழி என்றும் காதில் விழுகிறது, இலக்கணப்படி அது வேறு மாதிரி புணரும் என்றாலும். திரும்பி வரப்போகிற கடலுக்கு இதைவிட வசதியான குழப்பம் கிடைக்காது.

இதோடு முடிந்துவிடவில்லை. தமிழில் பெயர் சும்மா நிற்காது, வேற்றுமை உருபு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதுவரைக்கும் நான் அந்த நிலத்தை ‘நீலம்’ என்று தற்காலிகமாக வைத்து எழுதிக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை தேடி மாற்றினால் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். நமக்கு நீலம் என்பது நீலத்தில், நீலத்துக்கு, நீலத்தை, நீலத்தார் என்று ‘த்து’ போட்டுக்கொண்டு வேறு உருவத்தில் நிற்கும், ‘நீலம்’ என்று தேடினால் அதில் ஒன்றும் சிக்காது. ஒவ்வொரு வடிவத்தையும் தனித்தனியாக மாற்ற வேண்டும், அதுவும் ‘நீலத்தில் இருந்து’ போன்ற நீளமானதில் தொடங்கி. நிறத்தைக் குறிக்கும் நீலமும் கதையில் இருந்ததால் ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துத்தான் மாற்ற முடிந்தது. எனவே தற்காலிகப் பெயர் வைப்பவர்கள் ‘அம்’மில் முடியாத, வேறு எங்கும் வராத ஒரு பெயராக வையுங்கள். வற்றாழி இந்த விஷயத்தில் தங்கம், வற்றாழியில், வற்றாழிக்கு, வற்றாழியர் என்று அடிச்சொல் மாறாமல் எல்லாம் வழுக்கிக்கொண்டு வருகிறது.

சரி, தலைப்பு. உலகத்தின் பெயரையே தலைப்பாக வைத்துவிடலாமே என்றுதான் தோன்றும். படித்து முடித்தவருக்கு அந்தப் பெயரில் எல்லாம் இருக்கிறது, கையில் எடுக்காதவருக்கு அது வெறும் எழுத்து. ‘வற்றாழியின் காவலர்கள்’ என்று ஒன்று கொஞ்ச நாள் இருந்தது, ஏதோ ஒன்றின் காவலர்கள், ஏதோ ஒன்றின் வாரிசு என்று ஃபேன்டஸி அலமாரி முழுக்க இந்த வாய்பாடுதான். தலைப்பில் ஒரு சம்பவம் இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. ‘கடல் திரும்பும் ஆண்டு’ என்று எழுதியதும் நண்பர் ஒருவர் “ஏன் திரும்புது?” என்று கேட்டார், வேறு எந்தத் தலைப்புக்கும் அவர் எதுவுமே கேட்டதில்லை. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடியும் பார்த்தேன், தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. பல நாடுகளில் வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது, அதே பெயரில் இன்னொரு புத்தகம் இருந்தால் பெரும்பாலும் சட்டச் சிக்கல் வராது. தொடர் வரிசைகளின் பெயரை வர்த்தகச் சின்னமாகப் பதிந்திருந்தால் கதை வேறு. ஆனால் சட்டத்தைவிட, தேடுகிறவருக்கு நம் புத்தகம் கிடைக்குமா என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒற்றைச் சொல்லில் பொதுவான தலைப்பு வைத்தால் அவ்வளவுதான், கிடைக்காது.

மலைக்காரர்கள் வற்றாழியை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை. இரண்டாம் பாகத்தில்தான் அவர்கள் கீழே இறங்குகிறார்கள், அதுவரை கைப்பிரதியில் அந்த இடத்தில் மூன்று நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறேன். தேடுவதற்கும் அது சௌகரியம்.