ஊர்க்கதையை வைத்து இடிந்த கோட்டையை அடையாளம் காண்பது: செட்டிநாட்டுக்கான குறிப்புகள்

திருமயம் மலைக்கோட்டைக்குச் சுற்றுவட்டாரத்தில் வழங்கும் பெயர் ஊமையன் கோட்டை. கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரையை அதோடு சேர்த்துச் சொல்வார்கள். ஆனால் அந்தக் கோட்டை 1687-ல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. ஊமைத்துரை காலம் அதற்கு நூறு வருடத்துக்கும் பிந்தியது. ஊர்க்கதையின் இயல்பே இதுதான். இடத்தை அது பெரும்பாலும் சரியாகச் சொல்லும். பெயரில்தான் பிசகும், கட்டியவரை விட்டுவிட்டுக் கடைசியாகப் புகழ் பெற்றவரைப் பிடித்துக்கொள்ளும். சிவகங்கைச் சீமையில் எந்த மண்மேட்டைக் காட்டினாலும் மருது பாண்டியர் பெயர் வரும், புதுக்கோட்டைப் பக்கம் தாண்டிவிட்டால் தொண்டைமான் பெயர் வரும்.

அதனால் ஊருக்குள் போனதும் "இதைக் கட்டினது யாரு?" என்று ஆரம்பிக்கக் கூடாது. அதற்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டால் மற்ற பதிலெல்லாம் அந்தப் பெயருக்கு ஏற்றபடி வளைந்துவிடும். "ஐயா, ஏர் ஓட்டுறப்ப கொழு எங்க கல்லுல தட்டும்? மழை பெஞ்சா எந்தப் பள்ளத்துல கடைசி வரைக்கும் தண்ணி நிக்கும்?" என்று கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்களுக்கும், அய்யனார் கோயிலில் பூசை வைக்கும் வேளார்களுக்கும் இது துல்லியமாகத் தெரியும். புஞ்சைகளின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோட்டைமேடு, கொத்தளப்புஞ்சை, லாயத்திடல், குதிரைக்குளம் மாதிரிப் பெயர்கள் எந்த வரைபடத்திலும் ஏறாமலே வாய்வழியாக நிற்கும். ஊர்ப்பெயரில் 'கோட்டை' இருப்பது மட்டும் சான்றாகாது.

கதையில் எதை எடுப்பது, எதை விடுவது? புதையல், ஏழு மதில், எழுபத்திரண்டு கொத்தளம் என்று வரும் எண்களை விட்டுவிடலாம். எழுபத்திரண்டு என்பது மதுரை நாயக்கர் காலத்துப் பாளையக் கணக்கிலிருந்து ஒட்டிக்கொண்டது. சுரங்கப்பாதைக் கதையை மட்டும் விடாதீர்கள். காளையார்கோயில் வரைக்கும் சுரங்கம் போகிறது என்று சொல்லாத ஊர் குறைவு. அவ்வளவு தூரத்துக்குச் சுரங்கம் இருக்காது, ஆனால் கதை சுட்டும் இடத்தில் தரைக்குக் கீழே ஏதோ ஒரு கட்டுமானம் இருக்க வாய்ப்பு அதிகம்: வடிகால், நிலவறை, தானியக் குழி, வெடிமருந்துக் கிடங்கு. காவல் தெய்வங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மதில் கரைந்து போனாலும் வாசலில் நின்ற கருப்பரும் முனியும் இடம் மாறுவதில்லை. திருமயத்தில் மதிலை ஒட்டியே கோட்டை பைரவர் இருக்கிறார். ஊரை விட்டு விலகி, பாதையே இல்லாத காட்டுக்குள் ஒரு கருப்பர் தனியாக நின்றால், அங்கே ஒரு காலத்தில் வாசல் இருந்ததா என்று பார்ப்பது வீண்வேலை ஆகாது.

அடுத்தது தரை. இந்த வட்டாரத்தில் அதிகம் ஏமாற்றுவது கண்மாய்க் கரைதான். கண்மாய்க் கரை பிறை மாதிரி ஒரு பக்கம் மட்டும் வளைந்திருக்கும், அதில் மடையும் (தண்ணீர் திறக்கும் வாய்) கலுங்கும் (மிகுநீர் வழியும் வாய்) இருக்கும். அகழி ஏறக்குறைய ஒரே அகலத்தில் சுற்றி வந்து கூடும், அதற்கு உள்பக்கமாகவே மேடு இருக்கும். அகழியில் வெட்டிய மண்ணையே மதிலுக்குப் போட்டதால் பள்ளமும் மேடும் ஜோடியாகவே வரும். மண்மதில் கரைந்து பரவிவிடும் என்பதால் இன்றைக்கு அளக்கும் மேட்டின் அகலத்தை மதிலின் அகலமாக எடுக்கக் கூடாது.

சீமைக்கருவேலம் மூடிய இடத்தில் நடந்து பார்த்து வடிவம் புரியாது. கூகுள் எர்த்தில் பழைய படங்களுக்குப் போய், பங்குனி சித்திரையில் எடுத்ததைத் தேடுங்கள். சுற்றிலும் காய்ந்து கிடக்கையில் அகழி ஈரம் பிடித்த பச்சைக் கோடாகத் தெரியும். பிறகு கிராம வரைபடத்தையும், ஒவ்வொரு புல எண்ணுக்கும் உள்ள அளவைப் படமான புலப்படத்தையும் வைத்துப் பாருங்கள். வயல் வரப்புகள் நேராக வந்து ஓரிடத்தில் மட்டும் வில்லாக வளைந்தால், அது பழைய மதிலைச் சுற்றிக்கொண்டு போகிறதா என்று சோதிக்க வேண்டும். கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்தப் புல எண் புறம்போக்கு என்று இருந்தால் சந்தேகம் வலுக்கும். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய புலப்படம் ஜமீன் கிராமங்களுக்குக் கிடைப்பது அரிது. பழைய நில அளவைத் தாள்களில் காரைக்குடிப் பகுதி 58 ஜே என்ற எண்ணுள்ள தாளில் வரும். கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும். மதிலின் சுற்றுக்கு அது போதும், கொத்தளத்தை நாடா வைத்துத்தான் அளக்க வேண்டும்.

செங்கல்லுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஒரு கல்லை அளந்து முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இருபது கல்லின் நீளம், அகலம், தடிமன் எடுத்துச் சராசரி பாருங்கள், சாந்தோடு சேர்த்து ஐந்து வரிசையின் உயரத்தையும் குறியுங்கள். தடிமன், அகலம், நீளம் 1:3:6 என்று வரும் பெரிய கல் சங்ககாலக் குடியிருப்பைக் காட்டும். அங்கே கருப்பு சிவப்புப் பானை ஓடும் கிடந்தால் நீங்கள் நிற்பது கோட்டையை விட மிகப் பழைய நத்தமேடாக, அதாவது பழைய குடியிருப்பு மேடாக இருக்கலாம். தடிமன் ஒன்றரை அங்குலத்துக்கு உட்பட்ட சன்னக்கல் நாயக்கர், சேதுபதி காலத்தோடு பொருந்தும். ஒன்பதுக்கு நாலரைக்கு மூன்று அங்குலம் என்றால் வெள்ளைக்காரர் கால அளவு. சாந்தில் எலுமிச்சைச் சாறு விட்டு நுரை வருகிறதா என்று பார்ப்பார்கள். சுண்ணாம்பு நுரைக்கும், நாள்பட்ட சிமெண்டும் நுரைக்கும், அதனால் அதை நம்ப வேண்டாம். வேகாத கிளிஞ்சல் துணுக்கு சாந்தில் தெரிகிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள், அது கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்து என்பதற்கு உறுதியான தடயம். அரைவட்டக் கொத்தளமும் துப்பாக்கித் துளையும் இருந்தால் வெடிமருந்து வந்த பிறகு கட்டியதோ திருத்தியதோதான்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு பொறி உண்டு. இங்கே பெரிய நகரத்தார் வீட்டையும் அரண்மனை என்றே சொல்வார்கள். கூரை விழுந்து, தேக்கெல்லாம் கழற்றிப் போன பின் வெறும் சுவர் நின்றால் ஜமீன் கோட்டை மாதிரிதான் தெரியும். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரே நேர்க்கோட்டில் நீண்டு ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிந்தால் அது வீடு. அங்கே கிடக்கும் சீமை ஓட்டைத் திருப்பிப் பார்த்தால் 'பாசல் மிஷன் 1865' என்று அச்சு இருக்கலாம். உடனே வீடு 1865-ல் கட்டியது என்று எழுதிவிடுகிறார்கள். அது மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருடம். அதன் பிறகு பல பத்தாண்டுகள் அதே அச்சுத்தான்.

கல்வெட்டு கிடைத்தால் எண்ணெய், சுண்ணக்கட்டி, பெயிண்ட் எதுவும் தடவாதீர்கள். இருட்டிய பின் டார்ச்சைக் கல்லுக்குப் பக்கவாட்டில் தாழப் பிடித்து, நாலு திசையிலிருந்தும் படம் எடுங்கள். மழுங்கிய எழுத்தும் நிழலில் எழும்பும். எண்ணை ௲௬௱௯ என்று ஆயிரம், நூறு குறியோடு எழுதியிருப்பார்கள். இது 1609. இது சக ஆண்டு (கல்வெட்டுகளில் வழங்கும் பழைய ஆண்டுக் கணக்கு) ஆனால் 78 கூட்ட வேண்டும், 1687 வரும். அது பிரபவ வருடம். பிரபவ 1747, 1807, 1867-லும் வரும் என்பதால் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது வருடம் முன்பின்னாகப் போய்விடும். சக எண்ணும் வருடப் பெயரும் ஒத்துவந்தால் நீங்கள் படித்தது சரி. ஒத்துவரவில்லை என்றால் முதலில் ௬, ௯ இரண்டையும் மறுபடி பாருங்கள், தேய்ந்த கல்லில் இவைதான் குழப்பும்.

இதற்குப் பிறகுதான் பெயருக்கு வர வேண்டும். சிவகங்கை 1730 வாக்கில் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய கட்டடம் என்று தடயம் சொன்னால் மருது பெயர் பொருந்தாது, சேதுபதிக் காலத்தில் தேட வேண்டும். மருது பெயர் உண்மையாகவே பொருந்தும் இடமும் உண்டு. அரண்மனை சிறுவயல் மருது சகோதரர்கள் இருந்த ஊர், 1801 போரில் எரிந்தது. அதே ஆண்டு அக்டோபர் 24-ல் அவர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அந்தப் போருக்குப் பின் பாளையக்காரர் கோட்டைகளை இடிக்கக் கம்பெனி உத்தரவிட்டது. எனவே மதிலே இல்லை என்பதாலேயே கோட்டை இல்லை என்று சொல்லிவிட முடியாது. பக்கத்து ஊருணிப் படியிலும் கண்மாய் மடையிலும் பாருங்கள். அந்த இடத்துக்குத் தேவையே இல்லாத கதவுக்குடுமிக் குழியோடு ஒரு கல் கிடந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதுங்கள்.

கதையின் பழைய வடிவம் வேண்டுமானால் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் கம்பெனி கால அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய கைபீதுகளில் (ஊர் வரலாற்றுக் குறிப்புகள்) தேடலாம். இன்றைய கதையில் வந்து, கைபீதில் இல்லாத பெயரைப் பின்னால் சேர்ந்ததாக வைத்துக்கொண்டு சோதியுங்கள். எழுதும்போது ஊர் சொன்னது, தரை காட்டியது, ஆவணம் சொன்னது மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வையுங்கள். கலந்துவிட்டால் அடுத்து வருபவர் எதையும் சரிபார்க்க முடியாது.

எதையும் தோண்டக் கூடாது, மெட்டல் டிடெக்டரும் வேண்டாம். பானை ஓட்டைக்கூடக் கிடந்த இடத்திலேயே அளவுகோல் வைத்துப் படம் எடுத்துவிட்டு விட்டுவிடுங்கள். மண்ணில் புதைந்திருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் 1878 புதையல் சட்டப்படி ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கல்வெட்டு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்வதோடு மாநிலத் தொல்லியல் துறைக்கும் படங்களோடு எழுதுங்கள், புல எண்ணைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.