20ஆம் லெவல் ஃபைட்டரும் ஒரு காரும்

நேத்து ஆட்டம் முடிஞ்சு கிளம்புற நேரத்துல ஒரு சண்டை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ல (பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமா ஆடுற கற்பனை விளையாட்டு) 20ஆம் லெவல் ஃபைட்டரை, அதாவது உச்சக்கட்ட லெவலுக்கு வந்த போர்வீரனை, சூப்பர் ஹீரோன்னு சொல்லலாமா?

அந்த விளையாட்டோட ஐந்தாம் பதிப்பு விதிப்புத்தகத்தை எடுத்து வச்சுக் கணக்குப் போட்டேன். வலிமைக்கு 20 மதிப்பெண் இருந்தா அவன் தூக்கக்கூடியது 600 பவுண்டு, அதாவது சுமார் 272 கிலோ. அவ்ளோதான்! 2020-ல ஹாஃப்தோர் பியோர்ன்சன்னு ஒரு நிஜ மனுஷன் 501 கிலோ டெட்லிஃப்ட் பண்ணிட்டாரு. சூப்பர்மேன் 1938-ல, முதல் அட்டைப்படத்துலயே காரைத் தலைக்கு மேல தூக்கிட்டு நிக்கிறாரு. நம்மாளு பாவம், பீரோ நகர்த்தத்தான் லாயக்கு.

ஆனா அதே ஆளை மலை உச்சியில இருந்து தள்ளி விடுங்க. எவ்வளவு உயரமா இருந்தாலும் விழுற அடிக்கு அதிகபட்சம் 20 ஆறுமுகப் பகடை உருட்டி வர்ற கூட்டுத்தொகைதான். அத்தனையிலயும் ஆறே விழுந்தாலும் 120. உடம்பு திடமான ஃபைட்டர்கிட்ட 200க்கு மேல ஹிட் பாயிண்ட் (அடி தாங்குற அளவு) இருக்கும். தூசியைத் தட்டிட்டு எழுந்து, ஆக்‌ஷன் சர்ஜ்ங்கிற கூடுதல் வாய்ப்பு போட்டு ஆறே செகண்டுல எட்டு வெட்டு வெட்டுவான். காரை மட்டும் தூக்க முடியாது.

இதை எங்க டிஎம் (ஆட்டத்தை நடத்துறவர்) படிச்சா அடுத்த வாரம் என் தலையில கோட்டைக் கதவு விழும். விழட்டும், 200 இருக்கு.