வி1-இல் நிமிர்ந்து நின்ற அலை

“ஒண்ணும் இல்லையே தம்பி?” என்றுதான் அந்தக் கோட்டையூர் ஆச்சி கேட்டார். “ஒண்ணும் இல்ல ஆச்சி, நல்லாருக்கு” என்றேன். ஈசிஜி தாளை நான் பார்த்தது ஐந்து வினாடி இருக்கலாம்.

நான்கு வயதுப் பேத்தி. காய்ச்சலுக்கு வந்த இடத்தில், இதயத்தில் மர்மர், அதாவது துடிப்போடு ஓர் இரைச்சல், கேட்டது. காய்ச்சலில் பிள்ளைகளுக்கு அது சகஜம்தான். இருந்தாலும் ஈசிஜி எடுக்கச் சொன்னேன். மெஷினின் ரப்பர் பல்பு உறிஞ்சி ஒட்டிய இடமெல்லாம் நெஞ்சில் சிவப்பு வட்டம். ஆச்சி முந்தானையால் ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாளின் தலையில் ‘நார்மல்’ என்று அச்சாகியிருந்தது. வயது போடும் இடம் காலி. மெஷின் பெரியவர் கணக்கில் படித்திருந்தது. நானும் அப்படியே படித்தேன்.

நெஞ்செலும்பின் வலப்பக்கம் ஒட்டும் வி1-இல், ஒவ்வொரு துடிப்பின் கடைசியிலும் வரும் டி அலை மேல்நோக்கி இருந்தது. பெரியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. கருவில் இதயத்தின் வலது கீழறைக்குத்தான் பாரம் அதிகம். பிறந்தபின் நுரையீரல் அழுத்தம் இறங்க இறங்க, சுமார் 7 நாளில் அந்த அலை தலைகீழாகிவிடும். 8 வயதுவரை, சிலருக்கு அதற்கு மேலும், அப்படித்தான் இருக்கும். நடுவில் நிமிர்ந்து நின்றால் வலது கீழறை சிரமப்படுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இது எனக்குத் தெரியும். அதுதான் உறுத்துகிறது. இரண்டு மாதம் முன்பு நெஞ்சுவலி என்று ஒரு தேவகோட்டைப் பையன் வந்தான், 6 வயது. வி1 முதல் வி3 வரை தலைகீழ் டி. பயந்துபோய் ராத்திரியே மதுரைக்கு அனுப்பினேன். இந்த வயதுக்கு இது இயல்பு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த அவன் அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். தலைகீழாக இருந்தால் பதறாதே என்பது மனதில் பதிந்தது. அதன் மறுபாதி, தேவைப்பட்ட அன்றைக்கு வரவில்லை.

மறுநாள் பெரிய டாக்டர் தாள்களைப் புரட்டும்போது பிடித்துவிட்டார். எக்கோ ஸ்கேனில் நுரையீரல் தமனி வால்வில் சுருக்கம். மதுரையில் பலூன் வைத்து விரித்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஒரு நாளில் எதுவும் கெட்டுவிடவில்லை, வலது கீழறை பருத்தால் வி1-இல் உயரும் ஆர் அலைகூட வயதுக்குச் சரியாகத்தான் இருந்தது, யாரும் தவறவிடக்கூடியதுதான். சரி, அவர் தவறவிடவில்லையே.

போன் போட்டு வரச் சொன்னது மட்டும் நான். போன மாதம் ஆச்சி தூக்குச்சட்டி நிறையச் சீப்புச் சீடை கொண்டுவந்தார். “நீங்க கூப்பிட்டுச் சொல்லலேன்னா...” என்று கண் கலங்கினார். பார்த்தது பெரிய டாக்டர் என்று வாய்வரை வந்தது. “பிள்ளைய செக்கப்புக்கு மறக்காமக் கூட்டிட்டுப் போங்க ஆச்சி” என்றேன்.