பாப்பாவின் தாகம்

9 ஜனவரி 2025, வியாழன்

தங்கை பாப்பா ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து தண்ணீர் குடித்தாள். காலையில் கட்டிலுக்கு அடியில் ஒன்றரை லிட்டர் போத்தல் இரண்டு காலியாகக் கிடந்தன. குடிப்பதும் பாத்ரூம் போவதும் வாந்தி எடுப்பதுமாக இரண்டு வாரம் ஓடிவிட்டது. மலச்சிக்கல் வேறு. கிளினிக்கில் இரண்டு தடவையும் காஸ்ட்ரிக் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அம்மா, தெம்பு வரட்டும் என்று படுக்கும் முன் கெட்டியாகப் பால் ஊற்றி மைலோ கலக்கிக் கொடுக்கிறார். 23 வயசுப் பெண், பினாங்கு பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, இரவு ஷிஃப்ட். நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்த கோளாறு என்றுதான் நானும் நினைத்திருக்கிறேன்.

12 ஜனவரி, ஞாயிறு

காலை பத்து மணிக்கு, "அக்கா, ஷிஃப்ட் பஸ் போயிடுச்சா?" என்று கேட்டாள். இன்று லீவு என்று சொன்னேன். திரும்பவும் அதையே கேட்டாள். கண் என்மேல் நிற்கவில்லை. அப்படியே காரில் தூக்கிப் போட்டு எமர்ஜென்சிக்குக் கொண்டுபோனோம்.

இரத்தத்தில் கால்சியம் 3.7. 2.6க்கு மேல் போகக் கூடாதாம். தாகம், வாந்தி, குழப்பம் எல்லாம் அதனால்தான். சலைன் ஏற்றினார்கள், கால்சியத்தை இறக்க ஓர் ஊசியும் போட்டார்கள். அப்புறம் இளம் டாக்டர் ஒருவர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். அடிவயிற்றில் கை வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். ஸ்கேனில் வலது சூலகத்தில், அதாவது ஓவரியில், 14 சென்டிமீட்டர் கட்டி.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கல். வீட்டில் பானை வைக்கவில்லை. பக்கத்து வீட்டு அத்தை கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இன்று வார்டில் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, நான் கொடுத்த பாலால்தானா என்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன். டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கட்டி ஒரு புரதத்தைச் சுரக்கிறது, அதனால் எலும்பு தன்னிடம் உள்ள கால்சியத்தை இரத்தத்தில் கரைத்துவிடுகிறது, பாலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். இதை அம்மாவுக்கு மூன்று முறை சொன்னேன். மூன்றாவது முறைதான் அழுதார்.

20 ஜனவரி, திங்கள்

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். வலது சூலகம், கருக்குழாய், குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, சில நிணநீர்க் கணுக்கள் எல்லாம் எடுத்தாயிற்று. இடது சூலகம் பார்வைக்குச் சுத்தமாக இருந்ததாம், விட்டுவைத்தார்கள். கையெழுத்துப் போடும்போது பாப்பா கேட்டது அது ஒன்றைத்தான்.

21 ஜனவரி, செவ்வாய்

கால்சியம் 2.4. ஒரே நாளில்.

5 பிப்ரவரி, புதன்

சீனப் பெருநாள் விடுமுறை வேறு குறுக்கே வந்ததால் ரிப்போர்ட் இன்றுதான் கிடைத்தது. சூலகத்தின் சிறுசெல் புற்றுநோய், கால்சியம் கூடும் வகை. இதற்கு இவ்வளவு நீளமான பெயர்.

டாக்டர் கணினியில் படம் காட்டினார். திசுவை மெல்லிசாகச் சீவி, பிஆர்ஜி1 என்ற புரதத்துக்குச் சாயம் ஏற்றிய படம். புரதம் இருக்கும் இடம் பழுப்பாகத் தெரிய வேண்டும். நடுவில் ஓடும் சின்ன இரத்தக் குழாயின் செல்கள் மட்டும் காப்பிப் பொடி தூவியது போல் பழுப்பாக இருந்தன. சுற்றிலும் ஒன்றோடொன்று நெருக்கியடித்து நின்ற செல்கள் எல்லாம் வெறும் நீலம். அந்த நீலம்தான் நோய். பாப்பா திரைக்குக் கிட்டே போய் வெகுநேரம் பார்த்தாள். "பழுப்பு எவ்ளோ கொஞ்சமா இருக்கு" என்றாள்.

1982இல்தான் இதை முதலில் தனி நோயாக எழுதினார்களாம். மருத்துவ இதழ்களில் பதிவானவர்கள் உலகம் முழுக்கச் சில நூறு பேர்தான், பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் பெண்கள். 2014இல்தான், அந்த பிஆர்ஜி1 புரதத்தைச் செய்யும் எஸ்எம்ஏஆர்சிஏ4 என்ற ஒரே மரபணு பழுதாவதுதான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். வேகமாகப் பரவும், திரும்ப வரும், அதனால் சிகிச்சையும் கடுமையாக இருக்கும் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். அவர் மறைக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. சூலகப் புற்றுநோய் என்றால் வயசானவர்களுக்கு என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். வயசுப் பெண் வயிறு உப்பி, தாகம் தாகம் என்றால், கால்சியம் பாருங்கள் என்று கேட்க எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பழுது பிறவியிலேயே இருக்கிறதா என்று பார்க்க பாப்பாவிடம் இரத்தம் எடுத்தார்கள்.

10 பிப்ரவரி, திங்கள்

பினாங்கு ஸ்திரீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குத் தைப்பூசத் தேர் புறப்படும் நாள். வருஷா வருஷம் அம்மா வழியில் நின்று தேங்காய் உடைப்பார். இன்று வார்டில் முதல் கீமோ. சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் என்று இரண்டு மருந்து. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதால் முன்னும் பின்னும் சலைன் ஓடுகிறது. உள்ளே போவதும் வெளியே வருவதும் எத்தனை மில்லி என்று நர்ஸ் மிஸ்ஸி ஒரு தாளில் எழுதுகிறார், நானும் என் நோட்டில் எழுதுகிறேன். அம்மாவின் தேங்காயைத் தம்பி உடைத்துவிட்டுப் போனில் படம் அனுப்பினான். ஒரே அடியில் உடைந்ததாம்.

3 மார்ச், திங்கள்

முடி கொட்டிவிட்டது. இரண்டாவது கீமோ.

26 மார்ச், புதன்

மூன்றாவது கீமோ முடிகிற நாளில் மரபணு முடிவு வந்தது. பழுது பிறவியிலேயே இருக்கிறது. அப்பாவிடமிருந்தோ அம்மாவிடமிருந்தோ வந்திருந்தால் எனக்கும் இருக்க ஐம்பதுக்கு ஐம்பது. எனக்கு 34 வயசு. மகளுக்கு 7. எனக்கு இருந்தால் அவளுக்கும் அதே கணக்கு.

வீட்டில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது பாப்பாவே வந்து, "என்னாலதான் உனக்கு இந்தத் தலவலி, இல்லக்கா?" என்றாள். ஈரத் துணியோடு அவளைக் கட்டிக்கொண்டேன். நமக்கு முன்னால் யாரிடமிருந்தோ வந்தது, நீ அதை எனக்குத் தெரியப்படுத்தினாய், அவ்வளவுதான் என்றேன். சொல்லும்போதே அது உண்மை என்று தோன்றியது.

14 ஏப்ரல், திங்கள்

சித்திரை ஒன்று. நான்காவது கீமோ. ஸ்கேனில் புதிதாக எதுவும் இல்லை. ஆறு முடிந்ததும் இரத்தத்தை உண்டாக்கும் அவளுடைய ஸ்டெம் செல்லையே எடுத்து வைத்துக்கொண்டு, அதிக அளவு கீமோ கொடுத்து, அதைத் திரும்ப ஏற்றுவது பற்றிப் பேசுகிறார்கள். அதற்குச் சிறுநீரகம் தாங்க வேண்டும். அதனால்தான் மில்லிக் கணக்கை விடாமல் எழுதுகிறேன்.

காலையில் அவளுக்கு ஊசி ஏற்றிய பிறகு கீழே போய் நானும் மரபணு டெஸ்டுக்கு இரத்தம் கொடுத்தேன். இரண்டு குழாய். கையில் பஞ்சோடு திரும்பி வந்தபோது, "தண்ணி குடுக்கா" என்றாள். அந்த வார்த்தை கேட்டாலே இன்னும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. இன்றைய கால்சியம் 2.3 என்று நோட்டில் ஒரு முறை பார்த்துக்கொண்டு ஊற்றினேன். பாதிக் குவளை குடித்தாள், போதும் என்று திருப்பிக் கொடுத்தாள். 120 மில்லி என்று எழுதிவைத்தேன்.