ஆறு மாதக் குழந்தையின் சம்மதம் எங்கே என்றார்கள்

ஒருவழியாகக் களப்பணி தொடங்கிவிட்டேன். பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது (நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பது), உரைமருந்து (கல்லில் உரைத்துக் கொடுக்கும் நாட்டு மருந்து) கொடுப்பது, முதல் சோறு ஊட்டுவது இதையெல்லாம் வீட்டில் யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பதிவு, தலைப்பு, கைடு கையெழுத்து எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது, மனிதர்களிடம் செய்யும் ஆய்வுக்கு ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழு அலுவலகத்தில்.

எழுத்தர் பட்டியலைப் பார்த்து டிக் அடித்துக்கொண்டே வந்தார். "குழந்தையோட சம்மதப் படிவம் எங்கம்மா?"

"சார், ஆறு மாசக் குழந்தை சார்."

"கட்டம் இருக்குல்ல, பேப்பர் வேணும்."

கோப்பு திரும்பி வந்துவிட்டது. ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017 வழிகாட்டுதலின்படி 7 வயதிலிருந்துதான் குழந்தையின் சம்மதம் கேட்க வேண்டும். 12 வரை வாய்மொழி, அதற்கு மேல் எழுத்தில். 7 வயதுக்கும் சின்னக் குழந்தைகளுக்குப் பெற்றோர் ஒப்புதல் மட்டும்தான். அந்தப் பக்கத்தை நகலெடுத்து, மேலே "பொருந்தாது, காரணம் இணைப்பில்" என்று எழுதி வைத்தேன். படிக்காமலே வாங்கிக்கொண்டார். நீங்களும் எந்தக் கட்டத்தையும் வெறுமையாக விடாதீர்கள்.

அப்புறம் அலைச்சல். அங்கன்வாடி வழியாகத் தாய்மாரைச் சந்திக்க மாவட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்றது குழு. குழுவின் ஒப்புதல் இல்லாமல் தர முடியாது என்றது அந்த அலுவலகம். நடுவில் நான், பஸ்ஸில். கடைசியில் குழுவின் உறுப்பினர் செயலரை நேரில் பார்த்து, "துறை அனுமதி கிடைத்த பிறகே களப்பணி" என்ற நிபந்தனையோடு ஒப்புதல் கேட்டேன். கொடுத்தார்கள். இப்படி ஒரு வழி இருப்பதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

குழு கேட்டதில் உருப்படியான கேள்வியும் ஒன்று உண்டு: கைக்குழந்தைக்குத் தேன் கொடுப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய்? ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து, பொட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். குறித்துக்கொண்டு சும்மா வர முடியாது. வீட்டாரிடமும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் சொல்வேன் என்று எழுதிச் சேர்த்தேன்.

களத்தில் வேறு கூத்து. பதிவேட்டில் இருக்கிற வீட்டுக்குப் போனால் பூட்டு, இல்லாவிட்டால் மாமியார் மட்டும். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே! சேனை வைத்தது அங்கே, பதில் சொல்ல வேண்டிய பாட்டியும் அங்கே. அதனால் இப்போது புதன்கிழமை தடுப்பூசி போடும் இடத்துக்கே போய்விடுகிறேன். பிறந்த வீடோ புகுந்த வீடோ, பெரும்பாலும் குழந்தையோடு ஒரு பாட்டியும் வந்துவிடுகிறார்.

ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைப்பவர்களுக்குப் படிக்கத் தெரிந்த, ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி வேண்டும். அங்கன்வாடி டீச்சரை நிறுத்தாதீர்கள். அவர் பக்கத்தில் இருந்தால் எந்தத் தாயும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார். நான் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்களைக் கூப்பிட்டுக்கொள்கிறேன்.